மார்பகப் புற்றுக்கட்டிக்குள் எதிர்ப்புச் செல்கள் என்ன செய்கின்றன?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். நிறுத்தினால், புதிய சிறுநீரகத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதி அழிக்கத் தொடங்கிவிடும். இந்த மருந்துகளால் கெடுதலும் உண்டு. தோல் புற்றுநோயும், வைரஸ்களோடு தொடர்புடைய சில நிணநீர்ப் புற்றுநோய்களும் இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகின்றன.

அப்படியானால் மார்பகப் புற்றுநோயும் இவர்களிடம் கூடுதலாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. உறுப்பு மாற்று செய்துகொண்ட பெண்களை ஆராய்ந்து 1995-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் எதிர்பார்த்த எண்ணிக்கையைவிடக் குறைவாகவே இருந்ததாகச் சொன்னது. எச்.ஐ.வி. தொற்றால் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் குறைந்துபோன பெண்களிடமும் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

நம் ஊரில் சத்துமாவு விளம்பரத்திலிருந்து வாட்ஸ்அப் செய்தி வரை எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள்: எதிர்ப்புச் சக்தி குறைந்தால் புற்றுநோய் வரும், கூட்டினால் வராது. மார்பகத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு உதைக்கிறது. எதிர்ப்புச் செல்கள் புற்றுச் செல்களைக் கொல்வது உண்மை. கட்டி வளரவும் பரவவும் அதே எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த வேறு செல்கள் துணைபோவதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய சிகிச்சைகளைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கட்டி வருவதற்கு முன்பே அங்கே இருப்பவை

மார்பகத்துக்குள் பால் சுரக்கும் நுண்ணறைகளும், அவற்றிலிருந்து பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் மெல்லிய நாளங்களும் இருக்கின்றன. சுற்றிலும் கொழுப்பும் நார்த்திசுவும். நாளங்களையும் நுண்ணறைகளையும் உட்புறம் போர்த்தியிருக்கும் செல்களில்தான் பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் தொடங்குகின்றன. இந்தச் செல் அடுக்கை வெளிப்பக்கம் ஒரு மெல்லிய உறை சூழ்ந்திருக்கிறது. அதன் பெயர் அடித்தளச் சவ்வு. புற்றுச் செல்கள் அதற்குள் அடங்கியிருக்கும்வரை நோய் நாளத்துக்குள்ளேயே நிற்கிறது. உறையைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் அது ஊடுருவும் புற்றுநோய். அதன் பிறகு இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அதற்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

எதிர்ப்புச் செல்கள் எல்லாம் கட்டி முளைத்த பிறகு வெளியிலிருந்து ஓடி வருபவை என்று பலர் நினைக்கிறார்கள். நலமான மார்பகத்திலேயே அவை நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள வால்ட்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தினர், எலிகளின் பால் நாளங்களைத் துல்லியமான நுண்ணோக்கியில் பார்த்து, நாளத்தின் இரு செல் அடுக்குகளுக்கு இடையில் கைகளை நீட்டியபடி படிந்திருக்கும் மேக்ரோஃபேஜ் செல்களை 2020-இல் விவரித்தார்கள். நாளத்தின் ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவை போல அவை பரவியிருந்தன.

மேக்ரோஃபேஜ் என்பது விழுங்கும் செல். இந்த வகைச் செல்களின் வேலையை முதலில் கண்டவர் ரஷ்ய விலங்கியலாளர் எலி மெச்னிக்கோவ். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றின் உடலில் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தபோது, முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. கிருமியை விழுங்குவது என்ற வேலையோடு மேக்ரோஃபேஜின் பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் அதன் அன்றாடப் பிழைப்பில் கிருமிகளுக்கு உள்ள பங்கு சிறியதுதான். செத்த செல்களை அகற்றுவது, காயத்தை ஆற்றுவது, திசுவை இடித்துக் கட்டுவது: பெரும்பாலான நேரம் அது செய்வது இவற்றைத்தான்.

மார்பகம் இதற்குச் சரியான சான்று. பருவ வயதில் பால் நாளங்கள் கிளைவிட்டு வளரும்போது, வளரும் நுனிகளைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கூடுகின்றன. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜெஃப்ரி பொல்லார்டின் குழு 2000-இல் இதைச் சோதித்தது. மேக்ரோஃபேஜ்கள் உருவாகத் தேவையான சி.எஸ்.எஃப்-1 என்ற புரதம் இல்லாத எலிகளில் நாளங்கள் சரியாகக் கிளைக்கவில்லை. அதாவது, எதிர்ப்புச் செல் இல்லாமல் மார்பகமே ஒழுங்காக வளர முடியாது.

குழந்தை பால் மறக்கும்போது நடப்பது இன்னும் வியப்பானது. பால் சுரந்த செல்கள் இலட்சக்கணக்கில் மடிகின்றன. கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்து, பாத்திரங்களைக் கழுவி, மண்டபத்தைப் பழையபடி ஆக்கும் ஆட்களைப் போல மேக்ரோஃபேஜ்கள் வந்து, செத்தவற்றை விழுங்கி, நார்த்திசுவை அறுத்துத் திரும்ப அடுக்கி, மார்பகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. அந்த வாரங்களில் மார்பகத்தின் உள்ளே நிலவும் சூழல் ஒரு காயம் ஆறும் சூழலை ஒத்தது.

அந்தச் சூழல் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் புற்றுச் செல்களுக்கும் வசதியாகிவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் பெப்பர் ஷெடினின் குழு பல ஆண்டுகளாகச் சான்றுகளோடு சொல்லிவருகிறது. குழந்தை பிறந்த பின் வரும் சில ஆண்டுகளில் கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுக்கத் தயங்கக் கூடாது. நீண்ட நாள் தாய்ப்பால் கொடுப்பது மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது பல நாடுகளின் தரவுகள் சேர்ந்து உறுதிசெய்த உண்மை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: பாலூட்டும் காலத்திலோ அதன் பின்னரோ கட்டி தென்பட்டால், "பால் கட்டியிருக்கும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது.

ஆறாத காயம்

கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1863-லேயே கவனித்து, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். 1986-இல் அமெரிக்க நோயியல் வல்லுநர் ஹெரால்டு டுவோராக் ஒரு படி மேலே போய், புற்றுக்கட்டிகளை ஆறாத காயங்கள் என்றே அழைத்தார். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு இல்லை.

ஒரு காயத்தில் என்ன நடக்கிறது? இரத்தக் குழாய் அறுபட்டதால் அங்கே ஆக்சிஜன் குறைகிறது, செல்கள் சாகின்றன, அபாயம் என்று சொல்லும் வேதிப்பொருள்கள் கசிகின்றன. அவற்றை உணர்ந்து எலும்பு மஜ்ஜையிலிருந்து மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் இரத்தம் வழியே வந்து, திசுவுக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜ்களாக மாறுகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கச் செய்கின்றன. வழியில் இருக்கும் நார்களை வெட்டுகின்றன. செல்கள் பெருகுவதற்கான வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. திசு புண்ணாகிவிடாமல் இருக்க மற்ற எதிர்ப்புச் செல்களின் ஆவேசத்தை அடக்குகின்றன. வேலை முடிந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது.

வேகமாகப் பெருகும் கட்டியின் நடுவிலும் ஆக்சிஜன் குறைகிறது, அங்கேயும் செல்கள் சாகின்றன. போதாததற்குப் புற்றுச் செல்கள் தாமே சி.எஸ்.எஃப்-1, சி.சி.எல்-2 போன்ற அழைப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. மோனோசைட்டுகள் வந்து, காயத்தில் செய்ய வேண்டிய அத்தனை வேலையையும் குறை வைக்காமல் செய்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் கட்டிக்கு உணவைக் கொண்டுவருகின்றன. வெட்டப்பட்ட நார்கள் புற்றுச் செல்கள் வெளியேற வழியாகின்றன. வளர்ச்சிப் புரதங்கள் புற்றுச் செல்களைப் பெருக்குகின்றன. அடக்கும் வேதிப்பொருள்கள், கொல்ல வந்த டி செல்களை முடக்குகின்றன. காயம் ஆறிவிட்டது என்ற தகவல் மட்டும் வருவதே இல்லை. சில மார்பகக் கட்டிகளின் எடையில் பாதிவரை மேக்ரோஃபேஜ்களாகவே இருப்பதுண்டு.

இந்தச் செல்களைத் துரோகிகள் என்று எழுதுவோர் உண்டு. அப்படிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவை தம் இயல்பான வேலையைத்தான் செய்கின்றன. தவறு அவற்றுக்கு வரும் தகவலில் இருக்கிறது. பாடநூல்கள் மேக்ரோஃபேஜ்களை எம்-1, எம்-2 என்று, தாக்குபவை ஒரு பக்கமும் ஆற்றுபவை இன்னொரு பக்கமுமாகப் பிரித்தன. உண்மையான கட்டிகளிலோ ஒரே செல் இரண்டு குணங்களையும் கலந்து காட்டுகிறது. சூழல் மாறினால் செல்லும் மாறுகிறது.

நியூயார்க்கில் பார்த்தவை

மேக்ரோஃபேஜ்கள் கட்டியோடு சேர்ந்து இருப்பதாலேயே அவை உதவுகின்றன என்று சொல்லிவிட முடியாது. சண்டையிட வந்து தோற்று நிற்பவையாகவும் இருக்கலாம். இந்த ஐயத்தைத் தீர்த்தது 2001-இல் பொல்லார்டும் எலைன் லின்னும் செய்த சோதனை. மார்பகத்தில் தானாகவே புற்றுநோய் உருவாகும்படி மரபணு மாற்றம் செய்யப்பட்ட எலி வகை ஒன்று இருக்கிறது. அந்த எலிகளில் சி.எஸ்.எஃப்-1 புரதம் இல்லாதபடி செய்தார்கள். அதனால் மேக்ரோஃபேஜ்கள் குறைந்தன. கட்டி தோன்றுவது நிற்கவில்லை, கட்டியின் அளவும் பெரிதாக மாறவில்லை. ஆனால் அது ஊடுருவும் புற்றுநோயாக மாறுவது தாமதமானது. நுரையீரலுக்குப் பரவுவதும் வெகுவாகக் குறைந்தது. மார்பகத்தில் சி.எஸ்.எஃப்-1 கூடுதலாகச் சுரக்கும்படி செய்த எலிகளிலோ எல்லாம் வேகமெடுத்தன. மார்பகத்திலிருக்கும் கட்டி பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. நுரையீரலுக்கும் எலும்புக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவுவதுதான் பறிக்கிறது. அதனால்தான் இந்த முடிவு அவ்வளவு பேசப்பட்டது.

எப்படி உதவுகின்றன என்பதை அதே கல்லூரியைச் சேர்ந்த ஜான் காண்டீலிஸ் கண்ணால் பார்க்க வைத்தார். மயக்கத்திலிருக்கும் எலியின் கட்டிக்குள், உயிரோடு இருக்கும் செல்களின் நடமாட்டத்தைச் சிறப்பு நுண்ணோக்கியில் படம்பிடித்தது அவருடைய குழு. புற்றுச் செல்லும் மேக்ரோஃபேஜும் அடுத்தடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக நார்களின் மேல் நகர்ந்தன. புற்றுச் செல் சி.எஸ்.எஃப்-1 சுரக்கிறது; அதை உணரும் ஏற்பி மேக்ரோஃபேஜிடம் இருக்கிறது. மேக்ரோஃபேஜ் இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கிறது. அதற்கான ஏற்பி புற்றுச் செல்லிடம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே இரத்தக் குழாயின் ஓரம் வரை போகின்றன. இரண்டில் எந்தத் தொடர்பை மருந்தால் துண்டித்தாலும் இரண்டு செல்களும் நின்றுவிட்டன.

குழாயின் சுவரை ஒட்டியிருக்கும் மேக்ரோஃபேஜ்களின் பக்கத்தில்தான் புற்றுச் செல்கள் இரத்தத்துக்குள் நுழைகின்றன என்பதும் 2007-இல் தெரிந்தது. ஒரு புற்றுச் செல், ஒரு மேக்ரோஃபேஜ், குழாய்ச் சுவரின் ஒரு செல், இம்மூன்றும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களைப் பெண்களின் பயாப்ஸித் திசுக்களில் எண்ணிப் பார்த்தார்கள். அத்தகைய இடங்கள் அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் தொலைவுக்குப் பரவும் ஆபத்தும் அதிகமாக இருந்தது. எலியில் கண்டதற்கு மனிதத் திசுவிலும் தடயம் கிடைத்துவிட்டது.

கொல்லும் செல்களின் பக்கம்

இனி நல்ல செய்திக்கு வருவோம். புற்றுச் செல்லைக் கொல்வதில் முதன்மையானவை டி செல்களில் ஒரு வகை. நம் உடலின் பெரும்பாலான செல்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் எடுத்துக் காட்டுகின்றன. புற்றுச் செல்லில் மரபணு மாற்றங்கள் இருப்பதால் அது காட்டும் துணுக்குகளில் சில உடல் இதுவரை அறியாதவை. டென்ட்ரிடிக் செல்கள் எனப்படுபவை கட்டியிலிருந்து அத்தகைய துணுக்குகளை எடுத்துக்கொண்டு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்களிடம் காட்டுகின்றன. அந்தத் துணுக்கை அடையாளம் காணும் டி செல் ஆயிரக்கணக்கில் பெருகி, கட்டிக்குத் திரும்பி, புற்றுச் செல்லோடு ஒட்டிக்கொண்டு, அதன் சவ்வில் துளையிட்டு, உள்ளே நச்சுப் புரதங்களைச் செலுத்திக் கொல்கிறது. மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் இடமும் பெரும்பாலும் அதே அக்குள் முடிச்சுதான் என்பது வருத்தமான பொருத்தம்.

எதிர்ப்பாற்றல் இல்லாவிட்டால் புற்றுநோய்கள் இன்னும் பரவலாக இருக்கும் என்று 1909-லேயே சொன்னவர் பால் ஏர்லிக். அதற்கு முந்தைய ஆண்டு மெச்னிக்கோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ராபர்ட் ஷ்ரைபர் 2000-களின் தொடக்கத்தில் அந்தக் கருத்தைச் செப்பனிட்டார். அவர் கணக்கில் மூன்று கட்டங்கள். முதலில் எதிர்ப்புச் செல்கள் புற்றுச் செல்களை ஒழிக்கின்றன. ஒழியாமல் மிஞ்சியவை பல ஆண்டுகள்கூட வளராமலும் சாகாமலும் சமநிலையில் கிடக்கின்றன. எளிதில் அடையாளம் காணக்கூடியவை எல்லாம் சாக, அடையாளம் தெரியாமல் மறையத் தெரிந்தவை மட்டும் எஞ்சி, கடைசியில் தப்பித்துப் பெருகுகின்றன. ஒருவருக்குக் கட்டி கையில் தட்டுப்படும்போது அது பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. அப்போது போய் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறேன்" என்று எதைக் குடித்தாலும், தப்பிக்கக் கற்றுக்கொண்ட செல்லை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

தப்பிக்கும் வழிகள் பல. துணுக்குகளை எடுத்துக் காட்டும் அமைப்பையே சில செல்கள் மூடிவிடுகின்றன. டி செல்லுக்கு அவை தெரியாது. அப்படி மூடிய செல்களைக் கொல்ல இயற்கைக் கொல்லி செல்கள் என்று வேறு வகை உண்டு, ஆனால் கட்டியின் சூழலில் அவற்றின் வீரியமும் குறைகிறது. சில புற்றுச் செல்கள் சி.டி.-47, சி.டி.-24 போன்ற புரதங்களை மேற்பரப்பில் வைத்து, விழுங்க வேண்டாம் என்று மேக்ரோஃபேஜுக்குச் சொல்கின்றன. இன்னும் சில, பி.டி.-எல்1 என்ற புரதத்தைக் காட்டுகின்றன. டி செல்லின் மேல் இருக்கும் பி.டி.-1 ஏற்பி அதைத் தொட்டதும் டி செல் தாக்குதலை நிறுத்திக்கொள்கிறது. நலமான உடலில் எதிர்ப்புச் செல்கள் எல்லை மீறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கியோட்டோ பேராசிரியர் தசுகு ஹோஞ்சோவுக்கு, ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து, 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மற்ற டி செல்களை அடக்குவதையே தொழிலாகக் கொண்ட டி செல்களும் கட்டிக்குள் குவிகின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவை இல்லாவிட்டால் உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் என்பதைக் காட்டிய ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவரும் 2025-இன் மருத்துவ நோபலைப் பெற்றார்கள். நம்மைக் காக்கும் இந்த அடக்கத்தையும் கட்டி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

எல்லா மார்பகப் புற்றுநோயும் ஒன்றல்ல

ஏறக்குறைய 70 சதவீத மார்பகப் புற்றுநோய்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கான ஏற்பி இருக்கிறது. 15 முதல் 20 சதவீதத்தில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகளும் ஹெர்-2 மிகையும் இல்லாத வகைக்கு ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று பெயர். மேற்கத்திய நாடுகளில் இது 10 முதல் 15 சதவீதம். இந்தியப் பெண்களிடம் இதன் பங்கு அதைவிடக் கூடுதல். வேகமாக வளர்வதும், ஹார்மோன் மாத்திரைகளுக்குக் கட்டுப்படாததும் இதுதான்.

ஆனால் ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளில்தான் டி செல்களும், பி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களும் அதிகமாகக் கூடுகின்றன. நோயியல் நிபுணர் சாதாரண நுண்ணோக்கியில், வழக்கமான நிறமேற்றிய திசுவிலேயே, கட்டியின் இடைத்திசுவில் எத்தனை சதவீதப் பரப்பை இவை நிரப்பியிருக்கின்றன என்று மதிப்பிட முடியும். புதிய கருவி எதுவும் வேண்டாம். ட்ரிப்பிள் நெகட்டிவ் நோயில் இந்தச் சதவீதம் ஏற ஏற, நோய் திரும்பும் வாய்ப்பு இறங்குகிறது. 2024-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கீமோதெரபி எடுத்துக்கொள்ளாத பெண்களை மட்டும் பார்த்தது. முதல் நிலை நோயில், இச்செல்கள் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 94 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் தொலைவுப் பரவல் இன்றி இருந்தார்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களிடம் அது 78 சதவீதம். கீமோதெரபி இல்லாமலே உடலின் செல்கள் இவ்வளவு தூரம் நோயைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் எண்.

இதே செல்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள நோயில் அதே பலனைத் தருவதில்லை. கார்ஸ்டன் டென்கர்ட்டின் ஜெர்மன் குழு 3,700-க்கும் மேற்பட்ட பெண்களின் திசுக்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவில், ஹெர்-2 இல்லாத ஈஸ்ட்ரோஜன் வகையில் இச்செல்கள் கூடுதலாக இருந்தவர்களின் ஆயுள் குறைந்திருந்தது. ட்ரிப்பிள் நெகட்டிவிலும் ஹெர்-2 வகையிலும் நிலைமை நேர்மாறு. எதிர்ப்புச் செல்கள் எத்தனை என்ற எண் மட்டும் தெரிந்தால் போதாது. எந்த வகை, எந்தக் கட்டியில், யாருடைய கட்டளைப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

பரவிய பிறகு

கட்டியை விட்டுக் கிளம்பிய புற்றுச் செல்களில் பெரும்பாலானவை இரத்தத்திலேயே மடிந்துவிடுகின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் புற்றுச் செல்கள் பிழைத்துப் பெருகும் ஆற்றல் கூடுதலாகப் பெறுவதை சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். நுரையீரலை அடைந்த சில செல்கள் பல ஆண்டுகள் உறங்குகின்றன. நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் மிகாலா எகப்லாடின் குழு 2018-இல், எலிகளின் நுரையீரலில் புகையிலைப் புகையாலோ பாக்டீரியாவின் நச்சுப் பொருளாலோ நீண்டகால அழற்சியை உண்டாக்கியது. நியூட்ரோஃபில்கள் கிருமிகளைப் பிடிப்பதற்காகத் தம் டி.என்.ஏ.-வையே வலையாக வெளியே வீசின. அந்த வலையில் ஒட்டியிருந்த நொதிகள் அங்குள்ள லேமினின் என்ற புரதத்தை வெட்ட, வெட்டுப்பட்ட அந்தப் புரதம் உறங்கிய புற்றுச் செல்களை எழுப்பிவிட்டது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் இருக்கும் வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்று சொல்ல ஏற்கெனவே ஆயிரம் காரணங்கள் உண்டு. எலியில் கண்டதே என்றாலும் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிகிச்சைக்கு வந்தபோது

மேக்ரோஃபேஜ்கள்தாம் சிக்கல் என்றால் அவற்றை வரவிடாமல் தடுத்தால் போதுமே என்று தோன்றும். பாசெல் நகர ஆய்வாளர்கள் எலிகளில் சி.சி.எல்-2 என்ற அழைப்புப் புரதத்தை மருந்தால் தடுத்தார்கள். மோனோசைட்டுகள் எலும்பு மஜ்ஜையிலேயே தங்கின, பரவலும் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் தேங்கியிருந்த மோனோசைட்டுகள் வெள்ளமாக வெளியேற, நோய் முன்னைவிட வேகமாகப் பரவி எலிகள் விரைவில் இறந்தன. 2014-இல் வந்த இந்த முடிவு பலரை நிதானிக்க வைத்தது. மேக்ரோஃபேஜ்களை ஒழிப்பதைவிட அவற்றின் வேலையை மாற்றுவதே நல்லது என்ற திசையில் இப்போது பலர் முயல்கிறார்கள்.

வேலையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு மருந்து கையில் இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப், ஹெர்-2 புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். அதன் ஒரு முனை புற்றுச் செல்லின் வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கிறது. மறுமுனையை இயற்கைக் கொல்லி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் பற்றிக்கொண்டு புற்றுச் செல்லைத் தாக்குகின்றன. அந்த முனையைப் பற்றும் ஏற்பி இல்லாத எலிகளில் மருந்தின் பலன் பெருமளவு போய்விட்டதை 2000-இல் கண்டார்கள். தகுந்த அடையாளம் கிடைத்தால் அதே மேக்ரோஃபேஜ் நம் பக்கம் வேலை செய்கிறது.

டி செல்களின் பக்கம், பி.டி.-1 ஏற்பியை மறைக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து, பரவும் ஆபத்து மிகுந்த தொடக்கநிலை ட்ரிப்பிள் நெகட்டிவ் நோய்க்கு 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்த மருந்தைச் சோதித்த ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு முன் கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 51.2 சதவீதத்தினரிடம், அறுவையில் எடுத்த திசுவில் ஊடுருவும் புற்றுநோயே மிஞ்சவில்லை. இந்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அது 64.8 சதவீதம். ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் முறையே 81.7, 86.6 சதவீதம். நூறு பெண்களில் ஐந்து பேர் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள். 2022-இல் உலகம் முழுவதும் சுமார் 6,70,000 பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்கள், அவர்களில் 98,000 பேர் இந்தியர்கள் என்பதை நினைத்தால் இந்த ஐந்து சிறிய எண் அல்ல. மருந்தின் விலை நம் நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பது என்னைக் கோபப்படுத்துகிறது.

டி செல்களின் அடக்கத்தை எடுத்துவிட்டால் அவை புற்றுச் செல்லோடு நிற்பதில்லை. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு எதிர்ப்புச் செல்களே உண்டாக்கும் பக்க விளைவுகள் வந்தன. தைராய்டு சுரப்பு குறைவது அவற்றில் அடிக்கடி காணப்படுவது. அட்ரினல், பிட்யூட்டரி சுரப்பிகள் பாதிக்கப்படுவதும், குடலிலும் நுரையீரலிலும் அழற்சி வருவதும், அரிதாக முதல் வகை நீரிழிவு வருவதும் உண்டு. சுரப்பிகளின் பாதிப்பு பலருக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. சில பாதிப்புகள் சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம். ஆகவே இந்த மருந்தைப் பெறுகிறவர்கள், பெற்று முடித்தவர்கள், நிற்காத வயிற்றுப்போக்கு, புதிதாக வரும் இருமல் அல்லது மூச்சுத்திணறல், எழ முடியாத அளவுக்குச் சோர்வு, அதிகமான தாகம் ஆகியவற்றைக் "கீமோ அலுப்பு" என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் எந்த மருந்தை எப்போது எடுத்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடியோ லேகியமோ சாப்பிடுவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.